மைதானத்துக்கு முதுகு

பக்கத்து இடத்தில் என் கைப்பையை வைத்திருக்கிறேன். பைமேல் குடை, குடைமேல் என் கை. இத்தனை வைத்தும் அது காலி இடமாகத்தான் தெரிகிறது போல. காலரியின் படிகள் நிறைய நிறைய, ஏறி வருகிற ஒவ்வொருவரின் கண்ணும் அங்கே வந்து நின்றுவிட்டுப் போகிறது. "ஆன்ட்டி, இங்க ஆள் வாராங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். இரட்டைப் பின்னல், கன்னத்தில் கல்லூரியின் ஊதா நிறத்தில் ஒரு கோடு. வாராங்க என்றேன். வருவாள். லோசனி வருவாள். மூன்று வருடம் பி.ஏ. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போனவள். இவ்வளவு காலம் கழித்து, பழைய மாணவிகள் குழுவில் யாரோ என் எண்ணைக் கொடுக்க, போன வாரம் போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். "ஏளா சுகி, மேட்சுக்கு நானும் வாரேன். மக வீட்டுக்கு மதுரைக்கு வந்திருக்கேன். எனக்கும் சேத்து ஒரு இடம் போட்டு வை." அதை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. குரல் கனத்திருக்கிறது, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குகிறது, ஆனால் அந்த 'ஏளா' அப்படியே இருக்கிறது, ஜாம்ஷெட்பூரின் புகையும் இந்தியும் அதைத் தொடவில்லை. அவளிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பேரப்பிள்ளைகள், முழங்கால், சர்க்கரை எல்லாம் பிறகு. முதலில் இது. அன்றைக்கு நீ ஏன்ளா சிரித்தாய்.

மேடையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். கல்லூரிப் பேண்டு வாத்தியக் குழுக்களுக்கென்று பல்கலைக்கழகம் இந்த வருடம் நிதி ஒதுக்கியிருக்கிறதாம், விளையாடுகிறவர்களுக்கு உடம்பில் பலம் இருந்தால் போதாதாம், நம் கல்லூரி என்ற உணர்வு வேண்டுமாம், அந்த உணர்வுக்குச் சத்தம் வேண்டுமாம். அந்தச் சத்தம் புதுச் சீருடையில் படியிறங்கி வருகிறது. ஊதாச் சட்டை, வெள்ளைக் கையுறை. கிளாரினெட்டுகள், டிரம்பெட்டுகள், சின்ன டிரம்கள், ஜால்ரா, கடைசியில் பெரிய டிரம்மைச் சுமந்துகொண்டு ஒரு ஒல்லிப் பெண், டிரம்முக்குக் கால் முளைத்து நடந்து வருகிற மாதிரி. காலரிக்கும் கூடைப்பந்துத் தரைக்கும் நடுவில் உள்ள இடத்தில் வரிசை கட்டினார்கள், ஒரே அசைவில் திரும்பினார்கள், எங்களைப் பார்த்து. மைதானத்துக்கு முதுகு. "பேண்டு ஏன் இப்படிக் கோபித்துக்கொண்டு நிற்கிறது, யாராவது திருப்பி நிறுத்துங்களேன்" என்று மேடைக்காரர் ஒலிபெருக்கியில் சொல்ல, நாகர்கோவிலிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்திறங்கிக் காலரியில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிற எதிர்க்கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். எங்கள் பெண்கள் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் செய்கிற காரியம் இன்னும் ஒன்றாவது இருக்கிறது.

எங்கள் காலத்தில் அதற்கு விளக்கம் இருந்தது. மிஸ் கார்னீலியஸ், எங்கள் முதல்வர், கதர்ச் சேலையைக் கூடக் கஞ்சி போட்டு விறைப்பாக உடுத்துகிறவர், சொல்வார்: ஓடுகிறவர்களுக்கு விசில் இருக்கிறது, பேண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. பேண்டுக்காரி மேட்சைப் பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு வாசிப்பதை விட்டுவிடுவாள். அதனால் முதுகு. தலையைத் திருப்பவும் கூடாது. மேட்ச் முடிந்த கணத்தில் இடைவெளி விடாமல் பேண்டுச் சத்தம் எழ வேண்டும். நாம் ஜெயித்தால் பெரிய டிரம்மில் மூன்று அடி, உடனே வெற்றி நடை. தோற்றால் பெரிய டிரம் பேசாது. குச்சி தொடைப் பக்கம் இறங்கும், அதைப் பார்த்துக் கிளாரினெட் தொடங்கும், ஜெயித்த விருந்தாளிகளின் கல்லூரிப் பாட்டை முதலில் அவர்களுக்கு வாசித்துவிட்டு, பிறகுதான் நம் பாட்டு. ஒவ்வொரு மேட்சுக்கு முன்னும் எதிராளியின் பாட்டை உட்கார்ந்து பழகுவோம், நம்முடையதை விடக் கவனமாக. எல்லாம் சரி, ஆனால் முதுகைக் காட்டி நிற்கிற பெரிய டிரம்காரிக்கு யார் ஜெயித்தது என்று எப்படித் தெரியும்? அதை மிஸ் கார்னீலியஸ் சொல்லவில்லை. நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம். காலரியில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு முன் டிரம் அடித்த மேரிக்கு வார்டனின் முகம். எனக்கு லோசனி. நாலாவது படி, இடதுகைப் பக்கத்து வேப்பமர நிழல் விழும் இடம். மேட்ச் முழுவதையும் நான் அந்த முகத்தில் பார்த்தேன். பந்து நம் கைக்கு வந்தால் அவள் கழுத்து நீளும். கூடையில் விழுந்தால் முதலில் கண், பிறகு பல். நம்மவள் தவறவிட்டால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். கூடைப்பந்துச் சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது, ஆனால் அந்த முகத்தின் சட்டம் முழுவதும் தெரியும். மனிதர்களில் ஒருத்தியை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன் என்றால் அவளைத்தான்.

ஆட்டம் தொடங்கிவிட்டது போலிருக்கிறது. ரப்பர்க் காலணிகள் தரையில் கீச்சிடுகின்றன, பந்து தரையைத் தட்டுகிற சத்தம் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி வந்துகொண்டேயிருக்கிறது, நான் பேண்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழக்கம். இங்கே உட்கார்ந்தும் எனக்கு மைதானத்தைப் பார்க்கத் தெரியவில்லை. அந்த ஒல்லிப் பெண்ணின் கண் எங்கள் படிகளில் மேலும் கீழும் அலைகிறது, யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும், பெயர் தெரியாத ஏதோ ஒரு முகத்தைத் தேடுகிறாள். "ஷெர்லின், நேரா நில்லுட்டி" என்கிறாள் பக்கத்து ஜால்ராக்காரி உதட்டை அசைக்காமல். ஷெர்லின். நல்லது. பின்னால் இரட்டைப் பின்னல் மறுபடியும், "ஆன்ட்டி, அவங்க எப்ப வருவாங்க, இவ நின்னுட்டே இருக்கா." வந்துருவாங்கம்மா. "மெட்ராஸ்லேர்ந்தா வாராங்க?" என்று நின்றுகொண்டிருக்கிறவள் மெதுவாகக் கேட்க, இன்னொருத்தி சிரிப்பை அடக்குகிறாள். மெட்ராஸ் இல்லை கண்ணு, அதைவிடத் தூரம். நான் கேட் பக்கம் பார்க்கிறேன். கேட்டில் ஐஸ் வண்டிக்காரர் நிற்கிறார், ஒரு போலீஸ்காரி நிற்கிறாள், வெயில் நிற்கிறது. வெள்ளைக் கார் ஒன்று வந்தது, அதிலிருந்து யாரோ ஒரு அப்பா இறங்கினார். அவள் எப்படி இருப்பாள் இப்போது. கல்யாணத்தில் பார்த்ததுதான் கடைசி. மணமேடைக்கு முன்னால் வரிசையில் நின்று, ஒரு குத்துவிளக்கைக் கொடுத்து, பின்னால் நிற்பவர்கள் தள்ள, சுகி சாப்பிட்டுட்டுப் போளா என்று அவள் சொல்ல, போய்ச் சாப்பிட்டேன். அத்தனை பேர் முன்னால் கேட்கிற கேள்வியா அது. பிறகு கேட்கலாம் என்று நினைத்தேன். பிறகு என்பது ஜாம்ஷெட்பூருக்கு ரயிலேறிப் போனது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்தது. காதில் கருவி, முன்னால் ஓட்டை ஓட்டையாகப் பலகை, ஒருவர் குரலை எடுத்து இன்னொருவர் காதில் செருகுகிற வேலை. அங்கேயும் முதுகுதான். அறைக்கு முதுகு, ஜன்னலுக்கு முதுகு, பேசுகிறவர்கள் எல்லாருக்கும் முதுகு. ஜாம்ஷெட்பூருக்கு டிரங்க் கால் வரும். இரும்புக் கம்பெனியில் இந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மூணு நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கவா என்று கேட்டுவிட்டு, அந்தத் தூரத்தின் இரைச்சலில், கடலும் மழையும் சேர்ந்த மாதிரி ஒரு இரைச்சல், ஒரு நொடி கூடுதலாக நிற்பேன். அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ அவள் வீடு. எனக்கென்று ஒருதரம் கூட அந்த ஊருக்குப் போட்டதில்லை. ஊரார் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்த கை. அம்மா இருந்தவரை அம்மாவின் முகம் இருந்தது, சாம்பாரில் உப்பு கூடினதிலிருந்து நாட்டில் நடப்பது வரை அதில் தெரியும். அம்மா போனபிறகு வீட்டில் பார்க்க ஒரு முகம் இல்லை. இது தனிமை என்று சொல்கிறார்கள், எனக்கு அந்தச் சொல் பெரிதாகப் படுகிறது; விஷயம் சின்னது. ஒன்று நடக்கிறது, அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற அன்று சந்தன மாலை போட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஜெயித்தேனா தோற்றேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கொடுத்துவிட்டு டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, வயசுக்கு ஏத்த மாதிரிதாம்மா இருக்கு என்றார். அது எந்தப் பக்கம். வெற்றி நடையா, விருந்தாளிப் பாட்டா. குச்சியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்த மாதிரி இருந்தது, மாத்திரைச் சீட்டைத்தான் பிடித்திருந்தேன்.

லோசனி சிரித்த அந்த வருட இறுதி ஆட்டமும் நாகர்கோவில்காரர்களோடுதான். இதே தரை, அப்போது மண். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள், மழை வந்த மாதிரி மணக்கும். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ வித்தியாசம், எது யாருக்கு என்று முதுகுக்குத் தெரியாது. இரண்டு கல்லூரியும் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன, சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குச்சி என் கையில். கையுறைக்குள் வியர்வை. நான் லோசனியைப் பார்த்தேன். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில். அலறல், இரண்டு பக்கமும். அப்போது அவள் சிரித்தாள். முதலில் கண், பிறகு பல், பிறகு இரண்டு கையும் மேலே. நான் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. டிரம்பெட்டுகள் பாய்ந்தன. எங்கள் முன்னால் இருந்த காலரி முழுக்க வாய் திறந்தபடி எங்களைப் பார்த்தது, நான் அதைச் சந்தோஷம் என்று நினைத்தேன், இன்னும் பலமாக அடித்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால், பிறகு சொன்னார்கள், நம் பெண்கள் ஐந்து பேரும் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்களாம். நாகர்கோவில்காரர்கள் வரிசையாக நின்று, கையைப் பக்கத்தில் வைத்து, தங்கள் பாட்டுக்காகக் காத்திருந்தார்களாம். அதைத்தான் வாசிப்போம் என்று அவர்களுக்கும் தெரியும், எல்லாக் கல்லூரிக்கும் தெரியும். வாசிக்கவில்லை. நிறுத்தி மறுபடி தொடங்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் தலைவி, உயரமான பெண், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாளாம். பேண்டுக் கருவிகளை மிஸ் கார்னீலியஸ் ஒரு அறையில் வைத்துப் பூட்டினார், நாங்கள் படிப்பு முடித்துப் போகும்வரை அந்தப் பூட்டு திறக்கவில்லை. ஏன் அடித்தாய் சுகிர்தா என்று கேட்டார். ஜெயிச்ச மாதிரி இருந்தது மிஸ் என்றேன். எதில் இருந்தது? நான் சொல்லவில்லை. லோசனி என் பக்கத்தில்தான் நின்றாள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை காரணம் கொடுத்துப் பார்த்தாயிற்று அதற்கு. கேட் பக்கம் அவள் அண்ணன் வந்து நின்றிருப்பான், மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று சைகை காட்டியிருப்பான். அல்லது நம் அணித் தலைவி வசந்தகோகிலத்தை அவளுக்கு ஆகாது, தோற்றது சந்தோஷமாக இருந்திருக்கும், அந்த வயதில் அப்படியும் உண்டு. அல்லது யாராவது வேடிக்கை சொல்லியிருப்பார்கள். அல்லது என்னைப் பார்த்து. என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாளே, அதனால் என்னைப் பார்த்து. இந்தக் கடைசிக் காரணம் ஒரு அறை மாதிரி, அதில் நான் அதிக நேரம் உட்கார்ந்ததில்லை, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். ஆனால் அந்த அறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டே வேலைக்குப் போனேன், பொங்கலுக்கு வெள்ளையடித்தேன், அம்மாவை எடுத்துப் போனபோது கூட அது இருந்தது. ஒருத்தி என்னைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறாள் என்றால் மற்றதெல்லாம் பரவாயில்லை. சிரிக்கவில்லை என்றால், வேறு எதற்கோ சிரித்தாள் என்றால். அதற்கு மேல் வாக்கியம் போக மறுக்கிறது. அதனால்தான் கேட்க வேண்டும். அதனால்தான் பையின் மேல் குடை, குடையின் மேல் கை.

இடைவேளை முடிந்து கடைசிப் பகுதி ஆரம்பித்தபோது மடியில் போன் அதிர்ந்தது. லோசனி. "ஏளா, வந்துட்டியா, எந்த கேட்டுல நிக்க?" என்றேன், எழுந்தே விட்டேன். "எங்க வந்தேன்ளா, கட்டில்ல கிடக்கேன்" என்றது போன். உட்கார்ந்தேன். "காலைல கிளம்பத்தான் செஞ்சேன் சுகி. பட்டுச்சேலை கூடக் கட்டியாச்சு. மாடிப்படில கால வச்சா படி இல்ல, கண்ணுக்குத் தெரியல. மக பாத்துட்டா. இந்த லட்சணத்துல மேட்சு பாக்கப் போணுமாக்கும்னு ஒரே சத்தம்." கண்ணுக்கு என்னளா என்றேன். "நடுவுல அழிஞ்சு போச்சு. எதைப் பாக்கணும்னு நினைக்கேனோ அது இருக்காது, அதைச் சுத்தி இருக்கிறதெல்லாம் இருக்கும். மாசாமாசம் கண்ணுக்குள்ள ஊசி குத்துதாங்க. மூஞ்சின்னு ஒண்ணும் இப்ப தெரியாது. வந்தாலும் உன் பக்கத்துல இருந்துக்கிட்டு உன்னத் தேடிட்டுத்தான் இருப்பேன்." தேட வேண்டிய அளவுக்கு இங்க ஒண்ணும் மிச்சமில்ல, உனக்கு நஷ்டமில்ல என்றேன். சிரித்தாள், இருமலில் போய் முடிந்தது. "ஆனா மேட்சைப் பாக்காம விட்டுட்டியேளா" என்று சும்மா சொன்னேன், சும்மாதான் சொன்னேன். "அந்தக் காலத்துல மட்டும் நான் என்னத்தப் பாத்துக் கிழிச்சேன்? எனக்கு அப்பவே தூரத்துல ஒண்ணும் தெரியாதுல்லா" என்றாள்.

என்ன சொல்லுத என்றேன். "கண்ணாடி போட்டா எவன் கட்டுவான்னு எங்க அம்மை வாங்கித் தரவே இல்ல. வெளிய சொல்லவும் கூடாதுன்னுட்டா, உன்ட்ட கூடச் சொல்லல. கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம் அவுகதான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாக. மரத்துல இலை தனித்தனியா இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும் எனக்கு." அப்போ மேட்சு? "மேட்சா. உங்க பேண்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஒரே கலக்கம். பக்கத்துல உள்ளவளுவ கத்துனா நானும் கத்துவேன். எல்லாரும் கத்துனா ஒண்ணும் புரியாதுல்லா, அப்ப உன்னப் பாப்பேன். பெரிய டிரம் தெரியும். வெள்ளைக் கையுறை தெரியும். கை மேல போச்சுன்னா நாம ஜெயிச்சோம்னு நானும் கையத் தூக்கிருவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச பாஸ்கெட்பால்." பிறகு, "போனை வச்சிராதளா, ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வை, சத்தமாவது கேக்கேன்" என்றாள். வைத்தேன். பையின் மேல், குடைக்குப் பக்கத்தில், அவளுக்கென்று போட்ட இடத்தில். "ஆள் வந்தாச்சா ஆன்ட்டி?" வந்தாச்சும்மா. பின்னால் கிசுகிசு. "ஏட்டி, போனுக்கு இடம் போட்டு வச்சிருக்காங்கட்டி."

நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் மேட்சைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு வாக்கியம் என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகமாட்டேன் என்கிறது. நான் அவள் முகத்தில் படித்ததெல்லாம் என் கையைப் பார்த்து அவள் எழுதியது. என் கை எதைப் பார்த்து எழுந்தது? அவள் முகத்தைப் பார்த்து. அப்படியானால் அந்தக் கடைசி விசிலில் முதலில் எது. அவள் சிரித்தாள், நான் தூக்கினேன். இப்படித்தான் ஐம்பது வருடம். இல்லை, கொஞ்சம் பொறு. கையுறைக்குள் வியர்வை. குச்சி வழுக்கியது, பிடியை மாற்றினேன். மாற்றும்போது கை மேலே போயிருக்குமா. மார்பளவு போயிருக்கும். தோளளவு? அந்த வெள்ளை மேலே போவதை நாலாவது படியில் ஒரு மங்கலான கண் பார்த்து, ஜெயித்தோம் என்று சிரித்து, அந்தச் சிரிப்பை நான் பார்த்து. கை, சிரிப்பு, கை. கோழி எது முட்டை எது. ஆனால் வியர்வை முன்னா விசில் முன்னா, எனக்குத் தெரியவில்லை, அந்த இடத்தில் மட்டும் படம் அழிந்திருக்கிறது, அவள் கண்ணின் நடுப்பக்கம் போல. அண்ணன் வரவில்லை. மாப்பிள்ளை சம்மதம் சொல்லவில்லை. வசந்தகோகிலத்தின் மேல் கோபமில்லை. என்னைப் பார்த்துத்தான். ஆமாம், என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். அந்த அறையின் விளக்கு தானாக எரிகிறது. ஆனால் அது நான் நினைத்த மாதிரி என்னைப் பார்த்து இல்லை, என் கையுறையைப் பார்த்து. அல்லது அதுவும் நான்தானா. அவளுக்கு உலகத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று சொல்ல என்னை விட்டால் ஆளில்லை, எனக்கும் அவளை விட்டால் இல்லை. எதிரெதிராகத் தொங்கவிட்ட இரண்டு கண்ணாடிகள், நடுவில் ஒன்றுமே இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. இதற்கு அழ வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை, சொல்ல ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

முகத்துக்காக நிமிர்ந்தபோது ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஷெர்லின். அந்த ஒல்லிப் பெண். எப்போதிலிருந்து. காலரியில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள், கொடி ஆட்டுகிறார்கள், துள்ளுகிறார்கள், துள்ளுகிற முகத்தில் ஒன்றும் படிக்க முடியாது. உட்கார்ந்திருக்கிற முகம் என்னுடையது ஒன்றுதான், முன்வரிசையில், அசையாமல், அவளுக்கு நேர் எதிரே. என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஐயோ பெண்ணே. இவ்வளவு நேரம் என் முகத்தில் என்னவெல்லாம் ஓடியிருக்கும். ஜாம்ஷெட்பூர் ஓடியிருக்கும். நெஞ்சுப் படம் ஓடியிருக்கும். சற்றுமுன் என்னை அறியாமல் சிரித்திருப்பேன். அவள் கண்ணில் வியர்வை வழிகிறது, துடைக்கக் கையில்லை, குச்சி மார்புக்கு நேரே, வெள்ளைக் கையுறைக்குள். எனக்குப் பயமாக இருந்தது. டாக்டர் அறையில் கூட இவ்வளவு பயப்படவில்லை. பின்னால், "இன்னும் ஒரே ஒரு ஷாட்டு, போட்டா நம்ம ஜெயிச்சோம்" என்று இரட்டைப் பின்னல் யாரையோ பிடித்து உலுக்குகிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன், முழங்கால் முனகியது, பேண்டுக்கு மேலாக, ஊதாத் தோள்களுக்கு மேலாக, மைதானத்தைப் பார்த்தேன்.

மைதானம் எவ்வளவு சின்னது. இவ்வளவுதானா. நம் பெண் ஒருத்தி, முட்டியில் கட்டுப் போட்டவள், பந்தோடு வருகிறாள், இரண்டு பேர் மறிக்கிறார்கள், அவள் எழும்புகிறாள், எழும்பி அங்கேயே கொஞ்ச நேரம் இருக்கிறாள், யாரும் அவசரப்படுத்தாத மாதிரி. பந்து போகிறது. விசில் அடிக்கும்போது பந்து காற்றில்தான் இருக்கிறது. வளையத்தில் விழுந்தது, சுற்றியது, ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்தது, வெளியே விழுந்தது. தரையில் அது குதித்த சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் இரண்டு கல்லூரியும் ஒரே குரலில் அலறிக்கொண்டிருந்தன. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். தோற்றோம். ஷெர்லின் என் முகத்தில் தேடுகிறாள். என் முகத்தில் என்ன இருக்கிறதோ, இந்த வயதில் முகம் சொன்னபடி கேட்பதில்லை. அதை நம்பாமல் தலையை அசைத்தேன், இல்லை என்று, இடமும் வலமும், மெதுவாக. அவள் உதடு கோணியது. குச்சி இறங்கியது, தொடைப் பக்கம், நேராக.

கிளாரினெட் தொடங்கியது. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எல்லாம். நாகர்கோவில்காரர்களின் பாட்டு. அன்று நாங்கள் உட்கார்ந்து பழகிப் பழகி வாசிக்காமல் விட்ட அதே பாட்டு, ஒரு சுரம் மாறவில்லை. காலரியில் அவர்கள் பாதி கத்துவதை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றது. நம் பாதியும் நின்றது, இரட்டைப் பின்னல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். தரையில் அவர்களுடைய ஐந்து பேரும் வரிசையாக, கையைப் பக்கத்தில் வைத்து. அதில் உயரமானவள் ஒருத்தி. எப்போதும் ஒருத்தி உயரமாக இருப்பாள் போல. பாட்டு மெல்லியது, அதற்கு நடுவே பக்கத்து இடத்திலிருந்து குரல் கேட்டது. "சுகி. ஏளா சுகி. ஜெயிச்சோமா?"

கேள்வி என் நாக்கில் இருந்தது. கேட்கலாம். அன்றைக்கு விசில் அடிக்கும்போது நீ முதலில் சிரித்தாயா, நான் முதலில் கையைத் தூக்கினேனா. அவள் ஒருத்திதான் சொல்ல முடியும். குனிந்து, "இல்லளா, தோத்துட்டோம்" என்றேன்.

போனில் இரைச்சல் மட்டும் இருந்தது, பழைய டிரங்க் கால் போல, கடலும் மழையும். பாட்டைக் கேட்கிறாள். மூச்சு வாங்குவது தெரிந்தது. பிறகு, "சரி. அப்போ கைய இறக்கிக்கோ" என்றாள்.

பார்த்தேன். என் வலது கை மார்புக்கு நேரே நின்றுகொண்டிருந்தது, விரல்கள் எதையோ பிடித்தபடி. இறக்கினேன்.